மூலை வெட்டிய சீட்டு

அத்தியாயம் ஏழு

துப்பறிகிறவர் என்றால் நீளக் கோட்டும் வாயில் சுருட்டுமாக இருப்பார் என்று நம்பி, அம்பத்தூர் ஓ.டி.யில் அந்த சைக்கிள் கடை மாடிக்கு ஏறி வருகிறவர்கள் கஜபதியைப் பார்த்ததும் தவறான கதவைத் தட்டிவிட்டோமோ என்று ஒரு நிமிஷம் திகைப்பார்கள். கோட்டும் கிடையாது, சுருட்டும் கிடையாது. இரண்டு கம்பி வளைந்த கறுப்புக் குடை ஒன்று உண்டு. பதினோரு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்யையும் மெய்யையும் பிரித்துப் பிரித்துத் தேய்ந்துபோன ஒரு மூக்குக் கண்ணாடி உண்டு. அப்புறம் வேம்புலி உண்டு.

வேம்புலிக்கு நாற்பத்தைந்து வயது. பஸ் கண்டக்டராக இருந்து, பயணிகளிடம் வாய் கொடுத்தே வேலையை இழந்தவன். வேலைதான் போயிற்றே தவிர வாய் போகவில்லை.

1992 ஆகஸ்ட் மாதத்தின் அந்த வெள்ளிக்கிழமைக் காலையில் அவனுடைய வாயே கொஞ்ச நேரம் மூடிக்கிடந்தது. எதிரே சுசீலா உட்கார்ந்திருந்தாள். எஸ்டேட்டில், அதாவது அம்பத்தூர் தொழிற்பேட்டையில், ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். மூன்று வாரத்துக்கு முன் தன் ஒரே தம்பி கோவிந்தராஜை ஆவடி ரயில் பாதையில் பறிகொடுத்தவள். இருபது வயதுப் பையன். தண்டவாளத்தைக் குறுக்கே ஓடிக் கடந்தபோது எக்ஸ்பிரஸ் ரயில் அடித்துவிட்டது. விபத்து என்று போலீஸ் எழுதி முடித்துவிட்டது. அதில் சுசீலாவுக்கு வழக்கு எதுவும் இல்லை. அவள் திங்கட்கிழமை முதன்முறை வந்தபோதே தன் கேள்வியைத் தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"எந் தம்பி காசு வாங்கிட்டு எழுதினானா இல்லையா, அது மட்டும் எனக்குத் தெரியணும் சார். வாங்கியிருந்தான்னா வாங்கினான்னே சொல்லுங்க. நான் தாங்கிப்பேன். தெரியாம இருக்கறதுதான் முடியலை."

கேள்வி எங்கிருந்து முளைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கோவிந்தராஜ், 'தளையில்லா மாணவர் பேரவை'யின் ஆவடி வட்டாரச் செயலாளர். பதினோரு கல்லூரிகளில் கிளை பரப்பியிருந்த கூட்டம் அது. அரசாங்கம் மனிதனை விட்டு விலகி நிற்கட்டும் என்பதுதான் அவர்கள் வாதம். ஒரு டெலிபோனுக்கு எட்டு வருஷம் ஏன் காத்திருக்க வேண்டும், ஒரு பட்டறை போட எதற்கு இத்தனை லைசென்ஸ், அரசாங்கம் எதற்கு ரொட்டி சுட வேண்டும் என்றெல்லாம் கேட்டு 'திறந்த கதவு' என்று, ஸ்டென்சிலில் மை உருட்டி நகலெடுத்து, மாதம் ஒரு சைக்ளோஸ்டைல் பத்திரிகை போட்டார்கள். டில்லியில் அப்போதுதான் லைசென்ஸ் பூட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தார்கள். டீக்கடைக்கு டீக்கடை அதே பேச்சு.

பேசுகிற இடம் என்று ஒன்று இருக்கிறதல்லவா. கோவிந்தராஜ் பிறந்து வளர்ந்தது பாதுகாப்புத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில். அங்கே கூரை அரசாங்கம், குழாய்த் தண்ணீர் அரசாங்கம், பள்ளிக்கூடம் அரசாங்கம், பிரசவ ஆஸ்பத்திரியும் அரசாங்கம். அந்த இடத்திலிருந்து ஒரு பையன், 'எங்கள் தொழிற்சாலையையும் விற்றால் என்ன' என்று ஜூலை மாத இதழில் எழுதினான். எழுதியவனின் அப்பா சண்முகசுந்தரம், அதே தொழிற்சாலையில் தொழிலாளர் சங்கத்தின் கிளைச் செயலாளர். கேட்கவும் வேண்டுமா?

சுசீலா கைப்பையைத் திறந்து ஒரு தாளை மேஜையில் விரித்தாள். "கேட்டீங்களே, தீர்மானம். நோட்டீஸ் போர்டுலேர்ந்து கிழிச்சுட்டு வந்தேன்."

'முதலாளிகளின் கைக்கூலியாகி, தின்ற சோற்றுக்கு மண் போடும் கோவிந்தராஜை இக்கிளை வன்மையாகக் கண்டிக்கிறது' என்று இருந்தது. அடியில் பதினோரு கையெழுத்து.

வேம்புலி எட்டிப் பார்த்தான். "இன்னா நைனா இது, ஆளுக்கு ஒரு நம்பர் போட்டுகீறாங்கோ. ரிசர்வேஷன் டிக்கெட்டா?"

"டோக்கன் நம்பர்" என்றாள் சுசீலா. "ஃபேக்டரி ஆளுங்க அப்படித்தான். கையெழுத்துப் போட்டா கீழ நம்பர் போட்டாகணும். முப்பது வருஷப் பழக்கம். எங்க மாமா கல்யாணத்துல மொய் எழுதும்போதுகூட நம்பர் போட்டாரு."

கடைசிக் கையெழுத்தின் மேல் அவள் விரல் நின்றது. ஆர். சண்முகசுந்தரம், கிளைச் செயலாளர். கீழே 4417.

"எங்கப்பா" என்றாள். "இது ஒட்டின மறுநாள் தம்பி போயிட்டான். ஆஸ்பத்திரியில அவன் சாமானையெல்லாம் அப்பாதான் வாங்கிட்டு வந்தாரு. சீசன் டிக்கெட், பேனா, இளைப்பு மாத்திரை. வாங்கிட்டு வந்து வச்சவரு, அதுக்கப்புறம் வாயே திறக்கலை. பதினாறாம் நாள் காரியத்துக்குக் குவார்ட்டர்ஸ்லேர்ந்து ஒருத்தர் வரலை சார். ஐயரும் நாங்க ரெண்டு பேரும்தான்."

"இளைப்பு மாத்திரையா?" என்று கேட்டார் கஜபதி.

"சின்ன வயசுலேர்ந்து. மண்ணெண்ணெய் வாடை பட்டாப் போதும், மூச்சு இழுக்க ஆரம்பிச்சிரும். எங்க வீட்டுல ஸ்டவ்வே கிடையாது. அம்மா இருந்தப்பவும் அடுப்பு விறகுதான், அப்புறம் கேஸு."

அவள் போன பிறகு கஜபதி கொஞ்ச நேரம் ஜன்னல் வழியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். செத்தவன் வழக்குகள் அவருக்குப் புதிதல்ல. செத்தவனுக்காக நல்ல பெயர் கேட்டு வருகிற வழக்கு மட்டும் மனதை ஏதோ செய்தது.

"நாலு நாளா சுத்தி இன்னா ஆச்சி?" என்றான் வேம்புலி. "அந்த மனோகரன்தான் காசு குடுத்துகீறான்னு பாத்தா, அவன் கை விரிச்சிட்டான்."

மனோகரன், எஸ்டேட்டில் ஸ்கூட்டர் உதிரிப்பாகம் செய்கிற முதலாளி. பேரவைக்கு ஓர் அறையும் ஒரு பழைய சைக்ளோஸ்டைல் மெஷினும் கொடுத்தவர். அதை அவர் மறைக்கவும் இல்லை. 'மெஷின் என் ஆபீஸ்ல தூசி தின்னுட்டுக் கிடந்துது, குடுத்தேன். தாளும் மையும் வேற யாரோ புண்ணியவான். யாருன்னு பசங்களுக்கே தெரியாது' என்றார். மற்றப் பையன்களும் அதையே சொன்னார்கள். தாள் வாங்கி வருவது கோவிந்தராஜின் வேலை. எங்கிருந்து, யார் தயவில் என்று அவனும் சொன்னதில்லை.

கஜபதி மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பழுப்புக் காகிதத்தை எடுத்தார். பேரவை அறையின் மூலையில் கிடந்த ரீம் உறை. அதில் ரப்பர் ஸ்டாம்ப்: 'பூங்காவனம் காகித மண்டி, ட்ரங்க் ரோடு, பூந்தமல்லி.'

"அம்பத்தூர்ல தாள் கடைக்கா பஞ்சம், வேம்புலி?"

"தடுக்கி உழுந்தா தாள் கடை."

"அப்புறம் எதுக்குப் பையன் ரெண்டு பஸ் மாறிப் பூந்தமல்லி போய் வாங்கணும்?"

வேம்புலி தலையைச் சொறிந்தான். "பூந்தமல்லில மல்லி வாங்கலாம். தாளு இன்னாத்துக்கு?"

"வாங்கிக் குடுக்கறவருக்கு அம்பத்தூர்லயும் ஆவடியிலயும் தெரிஞ்ச முகம் நிறைய இருக்கு. குடையை எடு, போகலாம்."

*

பூங்காவனம் என்பவர் ஐம்பது வயதுப் பெண்மணி. புருஷன் போன பிறகு கடையைத் தானே தூக்கி நிறுத்தியவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கஜபதியை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"கோவிந்தராஜா? பேரவைப் புள்ளதானே? இன்னாய்யா இது, மூணு வாரமா ஆளையே காணோம். தோ, அதுக்குண்டான கட்டு அப்டியே கீது." அலமாரிக்குக் கீழே சணல் போட்டுக் கட்டிய ஆறு ரீம் தாள் இருந்தது. மேலே ஒரு துண்டுக் காகிதத்தில் பென்சிலால் 'கோவிந்தராஜ்' என்று எழுதிச் செருகியிருந்தார்.

கஜபதி சொன்னார். சொல்வதற்கு நல்ல முறை என்று ஒன்று இல்லாததால் இருந்தபடியே சொன்னார்.

அந்த அம்மாள் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். வாசலில் ஒரு வாடிக்கையாளர் நோட்டுப் புத்தகம் கேட்டு நின்றார். அப்புறம் வா என்பது போல் கை மட்டும் ஆடியது. பிறகு பேசியபோது குரல் வேறாக இருந்தது.

"என்னிக்கு?"

"ஜூலை கடைசி வெள்ளி. சாயங்காலம் நாலரைக்குக் கொஞ்சம் முன்னாடி."

"அன்னிக்குத்தான்யா இங்க வந்துச்சி" என்றார் பூங்காவனம். "இந்த ஸ்டூல்லதான் குந்தியிருந்துச்சி."

கஜபதி அந்த ஸ்டூலில் உட்காரவில்லை. வேம்புலி உட்காரப் போனவன் எழுந்துகொண்டான்.

கதை மெல்ல வந்தது. பிப்ரவரியிலிருந்து மாதா மாதம், சம்பளத் தேதி முடிந்த கையோடு, ஓர் ஆள் சைக்கிளில் வருவார். வயது ஐம்பதுக்கு மேல். கழுத்தில் துண்டு, கண்ணுக்குக் கண்ணாடி, அதிகம் பேச மாட்டார். ஒரு சீட்டும் பணமும் கொடுப்பார். பையன் வந்தால் சீட்டில் உள்ள சாமானைக் கொடுக்க வேண்டும், சீட்டை மட்டும் காட்டக் கூடாது. முதல் மாதம் பேரவை விலாசத்துக்கு ஒரு கார்டு போட்டுப் பையனை வரவழைத்தது பூங்காவனமேதான்.

"யாருன்னு கேக்கலியா?" என்றான் வேம்புலி.

"பாத்தாலே தெரியுதே, யாரோ பெரிய மொதலாளி அனுப்பின ஆளுன்னு. நம்ம மாதிரி ஆளு எங்க அடுத்தவனுக்குத் தாளு வாங்கித் தரப் போறான்? அந்தாளு வந்தா சைக்கிளை நிறுத்திட்டு, போன மாசப் பத்திரிகை ஒண்ணு குடுன்னு கேப்பாரு. பையன் எங்கிட்ட ரெண்டு போட்டுட்டுப் போவும். மொதப் பக்கத்தை அங்கியே நின்னு படிப்பாரு. தலைய இப்டி இப்டி ஆட்டுவாரு, ஒத்துக்காத மாதிரி. அப்புறம் நாலா மடிச்சி டிபன் பாக்ஸ் பையில வச்சிக்குவாரு."

"சீட்டெல்லாம் இருக்கா?"

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு இரும்புக் கம்பி. அதில் பில்லோடு பில்லாகக் குத்தியிருந்த ஐந்து சீட்டுகளை உருவிக் கொடுத்தார். எழுத்து இடது கையால் எழுதினாற்போல் கோணல்மாணலாக இருந்தது. ஐந்திலும் ஏறக்குறைய ஒரே வாசகம்:

'வரும் மாணவனிடம் நாலு ரீம் தாளும் ஒரு பெட்டி ஸ்டென்சிலும் மையும் கொடுக்கவும். மண்ணெண்ணெய் வாடை அடிக்கிற மை வேண்டாம். விலை கூடினாலும் வாடை இல்லாததே கொடுக்கவும். இப்படிக்கு, ஒரு நலம் விரும்பி.'

ஐந்து சீட்டிலும் 'நலம் விரும்பி'க்குக் கீழே, வலது மூலை மட்டும் இல்லை.

"எலி கடிச்சிருக்கும்" என்றான் வேம்புலி.

"அஞ்சு மாசமும் அதே மூலையையா? நேர் கோடா வேற கடிச்சிருக்கு."

"படிச்ச எலி போலக்கீது."

கஜபதி சிரிக்கவில்லை. மையைப் பற்றிய அந்த இரண்டு வரியை மறுபடி படித்தார். பிறகு வெட்டுப்பட்ட மூலையைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். இன்சூரன்ஸ் நாட்களில் ஒரு பொய் அகப்படும்போது அவருக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் துள்ளும். இன்று அப்படி எதுவும் துள்ளவில்லை. ஐந்து சீட்டையும் அடுக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"ஆறாவது சீட்டு எங்கம்மா?"

"அத்த அந்தப் புள்ளதான் எடுத்துகினு பூட்டுது. அன்னிக்கு வரும்போதே மூஞ்சி சரியில்ல. 'அக்கா, என்னைக் கைக்கூலின்னு போர்டுல எழுதி ஒட்டிட்டாங்க, எனக்கு வாங்கிக் குடுக்கறது யாருன்னு இன்னிக்குத் தெரிஞ்சே ஆவணும், தெரியாட்டி இந்தத் தாளு எனக்கு வேணாம்'னு சொல்லிச்சி. எனக்கு மனசு கேக்கல. அன்னிக்குக் காலைலதான் அந்தாளு வந்து சீட்டு குடுத்துட்டுப் போனாரு, இந்த வாட்டி ஆறு ரீம்னு. எடுத்துக் கையில குடுத்துட்டேன்."

"பார்த்துட்டு என்ன பண்ணினான்?"

பூங்காவனம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "மொதல்ல ஒண்ணும் சொல்லல. அப்புறம் சிரிச்சிதுய்யா. இந்த ஸ்டூல்லயே குந்திகினு சிரிச்சிச்சி. கண்ணுல தண்ணி வேற. சீட்டை மேல் பாக்கெட்ல வச்சிகினு, 'அக்கா, கட்டு இங்கியே இருக்கட்டும், நாளைக்கு வரேன். இப்பக் கெளம்பினா நாலரைச் சங்குக்குள்ள கேட்டுக்குப் போய்டலாமா'ன்னு கேட்டுச்சி. 'இன்னிக்கு டபுள்ஸ்லதான் ஊட்டுக்குப் போவணும்'னு சொல்லிட்டு பஸ்ஸைப் புடிக்க ஓடிச்சி."

"டபுள்ஸா? எதுனா பொண்ணு விஷயமா?" என்றான் வேம்புலி.

"இருக்கும்னுதான் நானும் நெனச்சேன்."

கஜபதி குடையை எடுத்தார். "அந்தப் பெரியவர் அப்புறம் வந்தாராம்மா?"

"போன வாரம் வந்தாரு. சீட்டும் இல்ல, காசும் இல்ல. கட்டைத் தொட்டுப் பாத்துகினு நின்னாரு. பையன் வரலியே, நீங்களாவது எடுத்துகினு போங்கன்னேன். வேணாம்னு தலையாட்டிட்டுப் பூட்டாரு. இப்பத்தான் புரியுது, அந்தாளுக்குத் தெரிஞ்சிருக்குது."

"இந்தக் கட்டை நாங்க கொண்டு போய்ச் சேர்த்துடறோம்" என்றார் கஜபதி. "எனக்கு ஒரு துண்டுத் தாளும் உங்க கத்தரிக்கோலும் வேணும். கத்தரிக்கோலை நாளைக்குத் திருப்பிக் கொடுத்துடறேன்."

*

ஆவடி பஸ்ஸில் ஆறு ரீம் தாளையும் மடியில் வைத்துக்கொண்டு வேம்புலி முனகினான். "இத்தனி வருஷம் டிக்கெட் கிழிச்சதுக்கு இன்னிக்கு முழுத் தாளா தூக்க வுட்டான் ஆண்டவன். யாரு நைனா அந்த மொதலாளி? உன் மூஞ்சியைப் பாத்தா தெரிஞ்ச மாதிரி கீது."

"உன்னை ஒருத்தன் விலைக்கு வாங்கறான்னு வச்சுக்கோ. உன் மூச்சு இழுக்குமேன்னு மையை மோந்து பார்த்து வாங்கிக் குடுப்பானா?"

வேம்புலி மடியிலிருந்த கட்டைக் குனிந்து பார்த்தான். ஆவடி வரும்வரை அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தான்.

பஸ் நிலையத்தில் இறங்கினால் தொழிற்சாலை ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். மேம்பாலம் ஏறி இறங்கினால் ஐந்து நிமிஷம் கூடுதல். அவசரக்காரர்கள் பாலத்தை மதிப்பதில்லை. கஜபதி மேம்பாலத்தின் மேல் ஒரு கணம் நின்று கீழே பார்த்தார். கருங்கல் ஜல்லியின் மேல் யாரோ எறிந்த வாழைப்பழத் தோல் காய்ந்து கிடந்தது. ஷிப்ட் முடிந்து ஊதுகிற சங்குக்குள் தொழிற்சாலை கேட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று அந்தப் பையன் ஐந்து நிமிஷத்தை மிச்சம் பிடித்திருக்கிறான்.

குவார்ட்டர்ஸில் அந்த வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. உள்ளே சண்முகசுந்தரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூன்று வாரத் தாடி. எதிர்ச் சுவரில் மாலை போட்ட படம், காதுவரை முடி வளர்த்த ஒரு பையன். வாசலில் நின்ற சைக்கிளின் மட்கார்டில் வெள்ளைப் பெயிண்டில் 4417. ஆணியில் தொங்கிய டிபன் பாக்ஸ் பையிலும் அதே நம்பர் தைக்கப்பட்டிருந்தது. அன்று அரை நாள் லீவு போட்டிருந்த சுசீலா அவர்களைப் பார்த்ததும் எழுந்து, அப்பாவைப் பார்த்துவிட்டு, சமையலறை வாசலுக்குப் போய் நின்றாள்.

வேம்புலி கட்டைத் தரையில் இறக்கினான். பெரியவரின் கண் அதன் மேல் விழுந்தது. விழுந்த கண் நகரவில்லை.

"ஐயா, உங்க பையன் பேர்ல பூந்தமல்லி கடையில இருந்த தாள்" என்றார் கஜபதி. "பெற்றுக்கொண்டேன்னு ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா கடைக்காரம்மாகிட்ட கொடுத்துடுவேன்."

பெரியவர் பேனாவை வாங்கினார். துண்டுத் தாளில் கையெழுத்துப் போட்டார். பேனா எடுபடாமலே கீழே இறங்கி 4417 என்று எழுதி நின்றது. நெஞ்சுக்குள் எதுவும் இல்லாதபோதும் கை தன் பாட்டுக்குச் செய்கிற வேலை அது.

கஜபதி பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். நம்பர் இருந்த வலது மூலையை மட்டும் நேராக வெட்டி எடுத்தார். மூலை போன தாளை மேஜையில் வைத்து, அதன் பக்கத்தில் அந்த ஐந்து சீட்டுகளையும் வரிசையாக வைத்தார். ஆறும் ஒரே அச்சாக இருந்தன.

"பேரை மறைச்சீங்க, எழுத்தைக்கூட மாத்தினீங்க" என்றார் தணிந்த குரலில். "முப்பது வருஷக் கையை மட்டும் மாத்த முடியலை. ஒவ்வொரு தடவையும் நம்பரைப் போட்டுட்டு, அப்புறம் பார்த்து வெட்டியிருக்கீங்க."

சுசீலா சமையலறை வாசலை விட்டு மேஜை அருகே வந்தாள்.

சண்முகசுந்தரம் சட்டைப் பைக்குள் கையை விட்டு, எட்டாக மடித்த ஒரு சீட்டை எடுத்து அந்த வரிசையின் ஓரத்தில் வைத்தார். ஓரத்தில் கறை காய்ந்திருந்தது. மூலை வெட்டப்படவில்லை. 'ஒரு நலம் விரும்பி', அதன் கீழே 4417.

"அவன் பாக்கெட்ல இருந்துது" என்றார். மூன்று வாரமாகப் பேசாத குரல் உடைந்து உடைந்து வந்தது. "இத ஒண்ணை மட்டும் எடுத்து வச்சிக்கிட்டேன். தீர்மானத்துல கையெழுத்துப் போட்டுட்டு வந்து அன்னிக்கு ராத்திரி இந்தச் சீட்டை எழுதினேன் சார். நாலுக்குப் பதிலா ஆறு ரீம்னு எழுதினேன். வேற என்ன செய்யறதுன்னு தெரியலை. மூலையை வெட்ட மறந்துட்டேன்."

"ஏன்பா?" என்றாள் சுசீலா. அந்த ஒரு சொல்லுக்குள் பல கேள்விகள் இருந்தன.

"அவன் எழுதினதுல ஒரு வரியும் எனக்கு ஒப்பு இல்லைம்மா. இன்னிக்கும் இல்லை. இந்த ஃபேக்டரி இல்லேன்னா நாம விருத்தாசலத்துல கூலிக்குப் போயிருப்போம். அவன்கிட்ட சொன்னேன். 'சரிப்பா, அப்ப இந்தக் கவர்மெண்ட் சம்பளத்துல எனக்கு ஒரு தாள்கூட வேணாம்'னுட்டான். அந்த மாசம் பத்திரிகை பழைய பரீட்சைத் தாளோட பின்பக்கத்துல வந்துது. எழுத்தே தெரியலை. எம்புள்ள எழுதறான், படிக்க முடியலை. எப்படிம்மா சும்மா இருக்கறது?"

"அப்புறம் எப்படிக் கையெழுத்துப் போட்டீங்க?"

அவர் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. "பயம். பத்துப் பேர் போட்டுட்டு எம்மூஞ்சியைப் பாத்தாங்க. செயலாளர் போடலேன்னா அப்பனும் புள்ளையும் கூட்டுன்னு சொல்லுவாங்க. போட்டுட்டேன்."

வெளியே யாரோ குழாயடியில் குடத்தை வைக்கிற ஓசை கேட்டது.

"ஒண்ணு கேக்கட்டுமா சார்?" பெரியவர் இப்போது கஜபதியின் கையைப் பிடித்துக்கொண்டார். "கைக்கூலின்னு எழுதினவனும் தாள் வாங்கிக் குடுத்தவனும் ஒரே ஆளுன்னு தெரிஞ்சதும்... தாங்காமப் போய் தண்டவாளத்துல நின்னுட்டானா? மூணு வாரமா எனக்கு இந்த ஒண்ணுதான். வேற நெனப்பே இல்லை."

இத்தனை வருஷத் தொழிலில் கஜபதி எத்தனையோ பதில்களைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார். இப்படிக் கையிலேயே வைத்துக்கொண்டு வந்த பதில் இது ஒன்றுதான்.

"சீட்டைப் பார்த்துட்டு அவன் சிரிச்சிருக்கான் ஐயா. கடைக்கார அம்மா பக்கத்துலயே இருந்திருக்காங்க. நாலரைச் சங்குக்குள்ள கேட்டுக்குப் போகணும்னு அவசரப்பட்டிருக்கான். அதனாலதான் பாலம் ஏறாம ஓடியிருக்கான். 'இன்னிக்கு டபுள்ஸ்லதான் வீட்டுக்குப் போகணும்'னு சொன்னானாம். யாரோட டபுள்ஸ்னு அந்த அம்மாவுக்குத் தெரியலை."

பெரியவர் நிமிர்ந்தார். வாசலில் நின்ற சைக்கிளைப் பார்த்தார்.

சுசீலாதான் சொன்னாள். "நாலாங் கிளாஸ் படிக்கிறவரைக்கும் தெனமும் சங்கு ஊதறதுக்கு முன்னாடி கேட்டுல போய் நிப்பான். அப்பா சைக்கிள்ல பின்னாடி உக்காந்து வர்றதுக்கு. பின்னாடிதான் உக்காருவேன், முன் கம்பி வேண்டாம்பான். அப்பா முதுகுல தலையை வச்சிக்கிட்டு வருவான்."

சண்முகசுந்தரம் அழுதார். மறைக்காமல், வாய்விட்டு, மார்பு குலுங்க அழுதார். வேம்புலி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அழுது ஓய்ந்ததும் பெரியவர் எழுந்தார். கட்டின் சணலைத் தாமே அவிழ்த்து, மேல் ரீமைப் பிரித்து ஒரு தாளை உருவினார். நின்றபடியே, வலது கையால், தம் சொந்த எழுத்தில் எழுதினார்:

'கோவிந்தராஜ் யாரிடமும் காசு வாங்கவில்லை. அவனுக்குத் தாளும் மையும் வாங்கிக் கொடுத்தவன் நான். கடைசி நாள் வரை அது அவனுக்குத் தெரியாது. தீர்மானத்தில் நான் போட்ட கையெழுத்துப் பொய்.'

கையெழுத்துப் போட்டார். கீழே நம்பர் போட்டார்.

"சங்கத்துல வைப்பாங்களாப்பா உங்களை?" என்றாள் சுசீலா.

"மாட்டாங்க."

அவள் உள்ளே போய்ப் பசை டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தாள். மன்னித்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. முகம் இறுகித்தான் இருந்தது. ஆனால் செருப்பை மாட்டிக்கொண்டு அவளும் கிளம்பினாள்.

மணி நாலு இருபத்தைந்து. நாலு பேரும் தெருவில் நடந்தார்கள். சண்முகசுந்தரம் சைக்கிளை ஏறாமல் தள்ளிக்கொண்டு வந்தார், பின் கேரியரில் ஒரு கையை வைத்தபடி. தொழிற்சாலை கேட்டுக்கு எதிரே நோட்டீஸ் போர்டு. தீர்மானம் கிழிக்கப்பட்ட இடத்தில் அதன் பசைத் தடம் இன்னும் இருந்தது. அதே இடத்தில் தாளை வைத்து, நாலு மூலையையும் உள்ளங்கையால் அழுத்தி ஒட்டினார்.

சங்கு ஊதியது. கேட் திறந்து ஷிப்ட் முடிந்த கூட்டம் சைக்கிள்களோடு வெளியே வந்தது. முதலில் வந்த ஒருவர் போர்டைப் பார்த்து நின்றார். பின்னால் வந்தவர் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார். பிறகு இன்னும் சிலர். ஒருவர் மட்டும் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

சண்முகசுந்தரம் அவர்களில் யாரையும் பார்க்கவில்லை. கேட்டுக்கு வெளியே, பிள்ளைகள் வழக்கமாக அப்பாக்களுக்காகக் காத்து நிற்கிற அந்த வேப்பமரத்தடியில், கூட்டம் முழுவதும் கலைகிறவரை சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.